பைபிளில் உபாகமம் 28-ல் சொன்ன சாபத்தால்தான் குடும்பத்தில் தீராத நோய் வருகிறதா?

இதை நீங்கள் சும்மா கேட்டிருக்க மாட்டீர்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை, பார்க்க வந்தவர் யாரோ இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படித்தான் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. சர்க்கரை முற்றி அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த சமயம். ஜெபிக்க வந்த ஒருவர், கர்த்தருக்குக் கீழ்ப்படியாதவர்கள்மேல் வரும் சாபங்களை 15-ஆம் வசனத்தில் தொடங்கி, ஈளை, காய்ச்சல் என்று ஒவ்வொன்றையும் அழுத்தி வாசித்தார். "இந்த வீட்டில் ஏதோ கீழ்ப்படியாமை இருக்கு, ஆராய்ந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்த இடது கையைத் தலையணைமேல் வைத்தபடி என்னைக் கூப்பிட்டு, "நீ காலேஜ் சேர்ந்த வருஷம் தசமபாகம் எடுத்து வைக்காம ஃபீஸ் கட்டினோமே, அதுதான் காரணமா இருக்குமோய்யா?" என்று கேட்டாள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருக்கென்று எடுத்து வைப்பதுதான் தசமபாகம். அவளை அப்படிக் கேட்க வைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

சாபமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. வேதத்தை வளைக்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் 54 வசனம். ஆனால் அது கானானுக்குள் போகவிருந்த இஸ்ரவேல் என்ற ஒரு ஜனத்துக்கு மோவாப் சமவெளியில் மோசே சொன்ன உடன்படிக்கை. பலித்ததும் அந்த ஜனத்தின்மேல்தான். கி.மு. 722-ல் அவர்களுடைய வடநாட்டுத் தலைநகர் சமாரியா அசீரியரிடம் விழுந்தது, 586-ல் எருசலேம் பாபிலோனியரிடம். முற்றுகையில் பெற்ற பிள்ளைகளையே தின்பீர்கள் என்கிற 53-ஆம் வசனத்தை, அது எருசலேமில் அப்படியே நடந்ததைச் சொல்லும் புலம்பல் 4:10-ஓடு சேர்த்து வாசியுங்கள், நெஞ்சு பதறும். ஒரு தேசத்தின் தலைமேல் வந்ததைத் தூக்கி ஒரு தாயின் கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் ஒட்டவைப்பது அநியாயம்.

மோசேக்கு விரோதமாகப் பேசிய அவருடைய அக்கா மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததே என்பார்கள். வந்தது, சரி. அதில் கோபப்பட்டுப் பேசியது கர்த்தர்தான், நலம் விசாரிக்க வந்தவர் இல்லை. நோயில் கிடந்த யோபுவிடம் "நீ ஏதோ செய்திருப்பாய்" என்று வாதாடிய அவருடைய நண்பன் எலிப்பாசின்மேல் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. அன்று ராத்திரி அம்மாவுக்கு அந்த யோவான் 9-ஐத்தான் வாசித்துக் காட்டினேன். உங்கள் வீட்டில் படுத்திருப்பவருக்கும் முதலில் அதை வாசித்துக் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. 28-ஐ இப்படிப் பிடித்துக்கொள்கிறவர்கள் முந்தின அதிகாரத்தை ஏன் திறப்பதில்லை? பிறனுடைய எல்லைக்குறியைத் தள்ளிப்போடுகிறவன், விதவையின் நியாயத்தைப் புரட்டுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று அங்கே நேராகவே இருக்கிறது. அப்பா இறந்த பிறகு எங்கள் மனையின் எல்லைக்கல்லை நகர்த்தி நட்ட சொந்தக்காரர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறார். அம்மா கேட்டுப் போனபோது, சமாதானமாகப் போங்கள் என்றுதான் சபைப் பெரியவர்கள் சொன்னார்கள். எல்லைக்குறி பற்றிய அந்த 27:17-ஐ ஒருவர்கூட அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.