‘தொழுகை இல்லாத நாளில்தான் அம்மா நல்லவள்’

மதிப்பிற்குரிய அம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது. யாருக்கு எழுதினாலும் சலாம் சொல்லித் தொடங்கியே கை பழகிவிட்டது.

எனக்கு 41 வயது. திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மூத்த மகனுக்கு 17, மகளுக்கு 14, கடைசிப் பையனுக்கு 8 வயது. கணவரின் தாயார், சர்க்கரை நோயுள்ள என் மாமியும் எங்களோடு இருக்கிறார். அவருக்கு 70 ஆகிறது. ஐந்து வேளைத் தொழுகையை நான் விட்டதில்லை. சின்ன வயதில் என் அத்தா (அப்பா) பழக்கியது. வீடு அடங்கிக் கிடக்கும் நேரத்தில் சுபுஹு என்ற வைகறைத் தொழுகையை முடித்துவிட்டு விரிப்பிலேயே உட்கார்ந்திருப்பேனே, அந்தக் கால் மணி நேர நிம்மதி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி நான் எழுதப்போவதைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது. அதிலும் ரமலானில் மிக மோசமாக வருகிறது. இந்த ஆண்டு நோன்பும் மகனின் பிளஸ் டூ தேர்வும் ஒன்றாக வந்தன. மூன்றே காலுக்கு எழுந்து சோறு வடித்து, குழம்பைச் சூடாக்கி, ஒவ்வொருவராக எழுப்பி, விடியுமுன் உண்ணும் சஹர் உணவைக் கொடுப்பேன். தொழுததும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை, சின்னவனுக்கு டிபன், மாமிக்கு மாத்திரை, துணி. பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போனால் சமோசா, வடை, கடற்பாசி இனிப்பு, ரோஸ்மில்க் என்று சூரியன் மறையும்போது சொல்லும் மஃரிப் பாங்கு வரை நிற்க வேண்டும். கஞ்சி மட்டும் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வந்துவிடும். கணவர் தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிந்து வந்தபின் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவிப் படுக்கும்போது பதினொன்றரை. மற்ற மாதங்களில் நாளுக்கு ஐந்து டீ குடிப்பவள் நான். நோன்பில் மதியத்திலேயே தலை விண்விண்ணென்று தெறிக்கும்.

ஒன்பதாம் நோன்பு அன்று சின்னவன் தானும் நோன்பு வைப்பேன் என்று அடம்பிடித்து வைத்திருந்தான். அவனுக்கு அது முதல் நோன்பு. மாலையில் நான் சமோசா மடித்துக்கொண்டிருந்தேன். அவன் கடற்பாசித் தட்டைத் தொட்டுப் பார்க்கப் போய்க் கவிழ்த்துவிட்டான். கையிலிருந்த கரண்டியால் அடித்துவிட்டேன். அதோடு விட்டேனா? “நோன்பாளியைக் கோபப்படுத்துகிறாயே, நரகத்துக்குத்தான் போவாய்” என்றும் கத்தினேன். பாங்கு சொன்ன பிறகு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் போடாமல் என்னையே பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. “இவ்வளவு கோபப்பட்டால் உன் நோன்பு கூடுமா, செல்லுமா?” என்று கணவர் கேட்டார்.

அடுத்த வாரம் எனக்கு மாதவிலக்கு, தொழுகையும் நோன்பும் இல்லாத நாட்கள். ஆண்பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று மாமி பழக்கியபடி, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே டீயையும் பழைய சோற்றையும் விழுங்கிக்கொள்வேன். சஹருக்குப் பரிமாறிவிட்டு ஆறரை வரை படுத்தும்விடுவேன். அப்படி ஒரு நாள் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, “உனக்குத் தொழுகை இல்லாத நாளில்தான் அம்மா நீ நல்லவளாக இருக்கிறாய்” என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சீப்பு ஓடவில்லை.

அவளைத்தான் நான் அதிகம் வேலை வாங்குகிறேன். பெரியவன் ஆண்பிள்ளை, தேர்வு வேறு, படிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இடையில் மாமிக்கு ஒரு நாள் வியர்த்துக் கொட்டி மயக்கம் வந்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். தன் நோன்பை நான் முறித்துவிட்டதாக இரண்டு நாள் அழுதார். அதையும் நான்தான் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பெருநாள் முடிந்தும் மனம் ஆறவில்லை. பிள்ளைகளைத் திட்டிய நாளில் தொழுகை கூடியிருக்காது என்று திரும்பத் தொழுகிறேன். சில நாள் மூன்று முறை. என் ஈமானில், இறைநம்பிக்கையில், கோளாறா? என்னைப் பார்த்தே என் மகள் தொழுகையை வெறுத்துவிடுவாளா? இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

*

வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரி.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு மணிக்கணக்கை ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். பதினொன்றரைக்குப் படுக்கை, மூன்றே காலுக்கு எழுச்சி. நான்கு மணி நேரத் தூக்கம்கூட இல்லை. ஒரு மாதம் இப்படிப் போனால் நோன்பு இல்லாதவர்களும் எரிந்து விழுவார்கள்.

உங்கள் மகள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவள் உங்களைக் கூர்ந்து கவனித்திருக்கிறாள், கண்டதில் பிழையில்லை. அந்த வாரம் நீங்கள் வேறு ஆளாகத்தான் இருந்திருக்கிறீர்கள். ஆனால் காரணத்தை அவள் எங்கே கண்டாள் என்று பாருங்கள். அந்த நாட்களில் நீங்கள் டீ குடித்தீர்கள், நின்றுகொண்டாவது நாலு வாய் சோறு தின்றீர்கள், ஆறரை வரை படுத்தீர்கள். டீயும் சோறும் கதவுக்குப் பின்னால் போய்விட்டன. நீங்கள் படுத்திருந்தபோது அவளும் தூக்கத்தில் இருந்திருப்பாள். அவள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: மடித்துவைத்த தொழுகை விரிப்பு. பதினான்கு வயதுப் பிள்ளை கண்ணில் பட்டதை வைத்துத்தான் கணக்குப் போடும். நீங்களும் அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிட்டு ஈமானைச் சந்தேகிக்கிறீர்கள்.

அதனால் நான் கேட்கும் முதல் காரியம், மகளிடம் அந்த மறைப்பை எடுத்துவிடுவது. “அந்த வாரம் எனக்குத் தூக்கமும் சாப்பாடும் கிடைத்தன, அதனால்தான் பொறுமையாக இருந்தேன்” என்று சொல்லுங்கள். அவளுக்கும் அந்த நாட்கள் வரத்தொடங்கியிருக்கும், அல்லது விரைவில் வரும். நோன்பிலிருந்து மார்க்கமே விலக்கு அளித்திருக்கும் நாட்களில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதை உங்களிடமிருந்து கேட்டால், அவளும் கதவுக்குப் பின்னால் ஒளிய மாட்டாள். ஆண்பிள்ளைகளுக்குத் தெரிந்தால்தான் என்ன? பதினேழு வயதுப் பையன் அறிவியல் பாடத்தில் படித்ததுதானே.

ஈமானைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. மார்க்கம் கற்ற, நீங்கள் நம்பும் ஓர் ஆலிமாவிடம் கேளுங்கள். உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாளுக்கு ஐந்து டீ குடித்தவர் திடீரென்று பகல் முழுதும் நிறுத்தினால் முதல் சில நாட்கள் தலைவலியும் எரிச்சலும் வருவது காஃபீன் செய்யும் வேலை. அடுத்த ஆண்டு ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே ஐந்தை மூன்றாக்கி, பிறகு இரண்டாக்கிவிடுங்கள். மதியத்தில் சிறிது கண்ணயரும் ‘கைலூலா’ உங்கள் மரபிலேயே உண்டு. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். 41 வயது என்பதால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டில் எது சரியில்லாமல் இருந்தாலும் அசதியும் மனச்சோர்வும் வரும். பெண்கள் அதைக் குணக்கேடு என்று நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்வதை என் ஆலோசனை அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி அடுப்படி. நீங்கள் குறை சொல்லி எழுதவில்லை. ஆனால் கடிதத்தில் எல்லா வேலைக்கும் எழுவாய் ‘நான்’தான். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. ரமலானில் உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிட மோசம். நபிகள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார் என்று கேட்டதற்கு, வீட்டாருக்கு வேலை செய்துகொண்டிருப்பார், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார் என்று அவர் மனைவி ஆயிஷா சொன்னதை உங்கள் கணவரும் பயானில், மார்க்கச் சொற்பொழிவில், கேட்டிருப்பார். “உன் நோன்பு கூடுமா” என்று கேட்டவரிடம், சண்டையாக இல்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இதை நினைவூட்டலாம். தராவீஹுக்குப் பிறகு தட்டில் சோறு போட்டுக்கொள்ளவும் பாத்திரத்தைக் கழுவி வைக்கவும் பாத்திரக்கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? பெரியவனுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. அந்தச் சாக்கும் போய்விட்டது. கஞ்சி பள்ளிவாசலிலிருந்து வருகிறது, பேரீச்சம்பழம் கடையில் கிடைக்கிறது. மீதி பலகாரங்களில் நாளுக்கு ஒன்று போதும்.

மாமியின் சர்க்கரை நோயை உங்கள் தோளிலிருந்து இறக்கிவையுங்கள். அது அவருடைய மகனும் மருத்துவரும் பேச வேண்டியது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்று குர்ஆனே சொல்கிறது. இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது சரியான காரியம். இதை மருத்துவர் வாயால் மாமி கேட்கட்டும்.

சின்னவன் விஷயத்தில் மட்டும் நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. அடித்தது தவறு. அதைவிட, முதல் நோன்பு வைத்த பிள்ளையிடம் நரகம் என்றது தவறு. தூக்கமில்லை, தலைவலி என்பவையெல்லாம் உங்களுக்கும் எனக்கும் உள்ள காரணங்கள். அவனுக்குச் சொல்ல வேண்டாம். “அன்று அம்மா சொன்னது பொய். நீ வைத்த நோன்பு அழகாக இருந்தது. உன்னை அடித்ததற்கு மன்னித்துவிடு” என்று மட்டும் சொல்லுங்கள். ‘ஆனால்’ என்று நாக்கு நீளும், கடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவனையும் அழைத்துக்கொண்டு கடற்பாசி காய்ச்சுங்கள். தட்டில் ஊற்றும் வேலை அவனுடையதாக இருக்கட்டும்.

ஒரு வரியில் மட்டும் என் பேனா நின்றது: திரும்பத் திரும்பத் தொழுவது. மன உறுத்தலால் எப்போதாவது ஒருமுறை என்றால் கவலையில்லை. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுவைச் சரியாகச் செய்தோமா, ஓதியது சரியா என்ற சந்தேகமும் சேர்ந்து, திரும்பச் செய்தால்தான் மனம் அடங்கும் என்ற நிலைக்கு அது வளர்ந்தால் கவனிக்க வேண்டும். உங்கள் ஆலிம்கள் வஸ்வாஸ் என்பார்கள். மனநலத் துறையில் நாங்கள் ஓசிடி, அதாவது விடாது துரத்தும் எண்ணமும் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயமும் என்போம். அதற்குச் சிகிச்சை உண்டு. இன்று முதல் ஒரு வேளைக்கு ஒரு தொழுகை என்று நிறுத்திப் பாருங்கள். நிறுத்த முடியாமல் தவித்தாலோ, அழுகை நிற்காமல் போனாலோ, அரசின் டெலி-மானஸ் எண் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். பெயர் சொல்லத் தயங்கும் உங்களுக்கு அது வசதியாகவும் இருக்கும்.

மகள் தொழுகையை வெறுப்பாளா என்று கேட்டீர்கள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் தவிப்பாளே என்று நபிகள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார் என்ற செய்தி உங்களுக்குத் தெரியாததல்ல. சுபுஹுக்குப் பின் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தை அவள் பார்த்ததே இல்லை. ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கத்தில் மடியில் சாய்ந்துகொண்டால் அப்படியே விட்டுவிடுங்கள், ஓதச் சொல்லாதீர்கள்.

ரமலானில் விட்ட நோன்புகளைக் களாச் செய்ய, பின்னர் நோற்று ஈடுகட்ட, வேண்டியிருக்குமே. அவளுக்கும் பாக்கி இருந்தால் இருவரும் ஒரே நாளில் வையுங்கள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் ஆளுக்கொரு டீயும் போதும். வீட்டில் யாராவது கஞ்சி இல்லையா என்று கேட்டால், அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று பெரியவனுக்குக் காட்டிவிட்டு வந்து உட்காருங்கள்.