ஃபெஸ் நகரில் தங்கிக்கொண்டு பகல் பயணமாக எங்கெல்லாம் போய் வரலாம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால்: மொராக்கோவின் ஃபெஸ் நகரில் ஐந்து இரவு தங்கல். நீங்கள் இருவரும், கூட அம்மா அப்பாவும். அப்பாவுக்கு மூட்டுவலி, அம்மா சைவம். பழைய நகரத்தைப் பார்த்தது போக மிச்சமிருக்கும் நாள்களில் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பயண ஏஜென்ட் நீல நகரமான செஃப்ஷாவனையும் சகாரா மணல்மேட்டையும் சொல்கிறார். இரண்டில் எது தேவலை?

இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். வேலை விஷயமாக ஃபெஸ்ஸில் தங்கியிருந்தபோது லீவு நாள்களில் சுற்றியதை வைத்துச் சொல்கிறேன். அந்த ஊரின் அதிர்ஷ்டமே, ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் நல்ல இடங்கள் கொட்டிக் கிடப்பதுதான். அதை விட்டுவிட்டு ஏன் எட்டு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும்?

செஃப்ஷாவன் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பஸ்ஸில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். நடுவில் நீலச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கத்தான் பொழுது இருக்கும். அந்த ஊர் காலையிலும் அந்தியிலும்தான் அழகு, அதாவது பகல் பயணக்காரர்கள் அங்கே இல்லாத நேரத்தில். போவதானால் ஒரு இரவு தங்குங்கள். மெர்சூகா மணல்மேடோ 450 கிலோமீட்டருக்கு மேல். மத்திய அட்லஸ் மலையைத் தாண்டிப் போக வேண்டும், போக மட்டுமே ஏழு எட்டு மணி நேரம். அதைப் போய் ஒரே நாளில் முடியும் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் மற்ற எதையும் புக் செய்யாதீர்கள்.

முதல் நாளுக்கு என் தேர்வு வொலுபிலிஸ், அதோடு சேர்த்து பக்கத்து ஊரான மூலே இத்ரீஸ். முழுநாள் வேலை இது. ஒரே ஒரு நாள்தான் வெளியே போக முடியும் என்றாலும் இங்கேதான் போகச் சொல்வேன்.

வொலுபிலிஸ் ரோமானியர் காலத்து ஊர். மெக்னஸ் நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் போல இருக்கும். கோதுமை வயலும் ஆலிவ் தோப்புமாகக் கிடக்கிற சமவெளியில் திடீரென்று தூண்கள் தெரியும். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முறையான அகழாய்வு பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1915இல் தொடங்கியது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம், தோண்டும் வேலைக்கு ஜெர்மன் போர்க்கைதிகளையும் இறக்கியிருக்கிறார்கள். உள்ளே போனதும் எல்லோரும் ஓடுவது காரகல்லா மன்னன் பெயரிலுள்ள வெற்றி வளைவுக்கு. கி.பி. 217இல் கட்டியது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் எனக்குப் பிடித்தது தரைதான்.

வீடுகளின் கூரையும் சுவரும் போய்விட்டன, தரையில் பதித்த மொசைக் படங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மியூசியத்துக்குக் கொண்டுபோகாமல் வெயிலிலும் மழையிலும் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கழுதை மேல் ஒருவன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், கையில் பரிசுக் கோப்பை. அக்ரோபாட் வீடு என்று அதற்குப் பெயர். இன்னொன்றில் கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியஸ் யாழ் வாசிக்க, சுற்றிலும் விலங்குகள் நின்று கேட்கின்றன. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத கல் துண்டுகள். குனிந்து பார்த்தால்தான் விலங்கின் உடம்பில் எத்தனை நிறம் மாறுகிறது என்று தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போக நேர்ந்தால் யோகம், நிறம் பளிச்சென்று இருக்கும்.

அப்புறம் செக்கு. இந்த ஊர் பிழைத்ததே ஆலிவ் எண்ணெயில்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட எண்ணெய் ஆலைகள் இங்கே கிடைத்திருக்கின்றன, பல பணக்கார வீடுகளுக்குள்ளேயே. பிழிந்த எண்ணெய் வழிந்தோட கல்லில் வெட்டிய வாய்க்கால் இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு ஆலையை மறுபடி பொருத்தியும் வைத்திருக்கிறார்கள். வசந்த காலத்தில் போனால் தூண் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கும். நாரை அலகைத் தட்டும் சத்தம் கடகடவென்று இடிபாடு முழுக்கக் கேட்கும்.

இங்கே நிழல் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை பத்து மணிக்குள் உள்ளே நுழைந்து, வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். தரை மேடு பள்ளமாக இருக்கும். அப்பா முழுவதும் நடக்க வேண்டியதில்லை. ஊர்ச் சதுக்கமான மன்றம், பசிலிக்கா என்கிற வழக்கு மண்டபம், கேப்பிட்டல் கோயில் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு அவர் நுழைவாசல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளட்டும், நீங்கள் வளைவு வரை போய் வாருங்கள்.

அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில், இரண்டு குன்றுகளின் மேல் வெள்ளை வெளேரென்று மூலே இத்ரீஸ். இந்த ஜோடியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாக்தாத்தின் அப்பாஸியக் கலீஃபாக்களிடமிருந்து தப்பி ஓடிவந்த இத்ரீஸ் 788 வாக்கில் அடைக்கலம் புகுந்தது வொலுபிலிஸில்தான். அங்கிருந்த பெர்பர் குலத்தார் அவரைத் தலைவராக ஏற்றார்கள். 791இல் அவர் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார். அவருடைய அடக்கத்தலம்தான் இந்த ஊர். அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் ஃபெஸ்ஸைத் தலைநகராக வளர்த்தார். நீங்கள் மதீனாவில், அதாவது ஃபெஸ்ஸின் பழைய நகரத்தில், பார்க்கப்போகும் பெரிய தர்கா அந்த மகனுடையது. ஆக, ஃபெஸ்ஸின் கதை தொடங்குகிற இடத்துக்கே போய்விட்டு வருகிறீர்கள்.

அடக்கத்தலத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. வழியில் குறுக்கே ஒரு மரக்கட்டை இருக்கும், அதோடு நின்றுவிட வேண்டும். 2005 வரை மற்ற மதத்தார் இந்த ஊரில் இரவு தங்கவே அனுமதி இல்லை, இப்போது தங்கலாம். மேலே ஏறினால் ஊர் முழுதும் தெரியும் ஒரு மாடம் உண்டு. பச்சை ஓடு பதித்த உருளை வடிவ மினாரெட்டும், அதாவது மசூதிக் கோபுரமும், இருக்கிறது, மொராக்கோவில் மினாரெட் என்றால் சதுரம்தான், இது விதிவிலக்கு. ஆனால் எல்லாம் படி, படி, படி. அப்பாவைக் கீழே சதுக்கத்தில் புதினா டீயோடு உட்கார வைத்துவிடுங்கள். அவருக்கு அங்கே நன்றாகவே பொழுது போகும்.

திரும்பும் வழியில் மெக்னஸையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சுல்தான் மூலே இஸ்மாயில் 1672 முதல் 1727 வரை ஆண்ட தலைநகரம், பாப் மன்சூர் என்கிற பெரிய வாசல் உள்ள ஊர். மோசமில்லை. ஆனால் மூன்றாவது இடம் சேர்ந்தால் மூன்றும் அரைகுறை. மெக்னஸ் பார்க்க ஆசையானால் தனியாக ஒரு நாள் ரயிலில் போங்கள், ஃபெஸ்ஸிலிருந்து முக்கால் மணி நேரம்தான். அங்கே ஏதாவது ஒரு கட்டடத்தில் மராமத்து நடந்துகொண்டே இருக்கும் என்பதால், எது திறந்திருக்கிறது என்று விடுதியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது வெளியூர் நாளை அரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். செஃப்ரூவும் பாலீலும். ஃபெஸ்ஸுக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள். சுற்றுலாக் கூட்டம் மிகக் குறைவு. செஃப்ரூவின் பழைய நகரத்துக்குக் குறுக்கே ஆறு ஓடுகிறது, பாலத்தின் மேல் நின்றால் இரண்டு கரையிலும் கடைத்தெரு. ஒரு காலத்தில் யூதர்கள் நிறைய வாழ்ந்த ஊர், அவர்கள் தெருவில் மர பால்கனி வைத்த ஒடுக்கமான வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஜூனில் போகிறீர்கள் என்றால் செர்ரித் திருவிழா வருகிறதா என்று விசாரியுங்கள். 1920இலிருந்து நடக்கிறது, 2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

பாலீலில் சில வீடுகளின் கீழறை மலையைக் குடைந்த குகை. வெளியே சாதாரண வீட்டுக் கதவு, உள்ளே போனால் வெள்ளையடித்த பாறைச் சுவர், கோடையில் ஜில்லென்று இருக்கும். இங்கே பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஜெலாபா அங்கிக்கான பட்டன் செய்வார்கள். பிளாஸ்டிக் எல்லாம் இல்லை. பட்டு நூலை ஊசியால் முடிச்சு மேல் முடிச்சாகப் பின்னி, குன்றிமணி அளவில் உருட்டிவிடுவார்கள். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. ஒரு அங்கிக்குக் கழுத்திலிருந்து கீழே வரை வரிசையாக இவை வேண்டும். உங்கள் அம்மாவுக்குத் தையலில் ஆர்வம் இருந்தால் அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தால் கிளம்பும்போது கொஞ்சம் பணம் கொடுப்பது முறை. பட்டனாக வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் மட்டும் இஃப்ரானும் அஸ்ரூவும். இஃப்ரான் 1929இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த மலைவாசஸ்தலம், சரிவான ஓட்டுக் கூரையும் பூங்காவுமாக இருக்கும். ஆப்பிரிக்காவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 23.9 டிகிரி, 1935 பிப்ரவரியில் இங்கே பதிவானதுதான். ஊட்டி பார்த்தவர்களுக்கு ஊர் பெரிதாக ஒன்றுமில்லை. அஸ்ரூவுக்கு மேலே உள்ள தேவதாரு காடு வேறு ரகம், அது உண்மையிலேயே பார்க்க வேண்டியது. அங்கே வாலில்லாத குரங்குகள் உண்டு. நம் ஊர்க் கோயில் குரங்குக்குச் சொந்தக்காரன்தான், ஒரே பேரினம். அந்தப் பேரினத்தில் ஆசியாவுக்கு வெளியே வாழ்வது இது ஒன்றே. அழிந்துவரும் விலங்கு என்பதால் கடலை வாங்கிப் போடாதீர்கள். பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தக் குணத்தில் வித்தியாசம் இல்லை.

இனி வண்டி. ஃபெஸ் ஊருக்குள் ஓடுவது சிவப்பு நிறச் சின்ன டாக்ஸி. மீட்டர் உண்டு, ஆனால் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், நீங்கள் நாலு பேர். ஆகவே ஸ்டேஷனுக்குப் போகவே இரண்டு டாக்ஸி வேண்டும். இந்தச் சின்ன டாக்ஸி ஊரை விட்டு வெளியே போகாது. வெளியூருக்கு கிராண்ட் டாக்ஸி. அது நம் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆறு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஒரு சீட்டை அவர்கள் ப்ளாஸா என்பார்கள். செஃப்ரூவுக்கு ஆறு ப்ளாஸாவும் நீங்களே எடுத்துக்கொண்டாலும் பெரிய செலவு ஆகாது, காத்திருக்கவும் வேண்டாம், அப்பா காலை நீட்டி உட்காரலாம். வொலுபிலிஸுக்கு நேரடி பஸ் கிடையாது. விடுதி மூலமாகவோ ஸ்டாண்டில் பேசியோ முழுநாளுக்கு வண்டி எடுத்துவிடுங்கள். போகும் இடங்கள், காத்திருக்கும் நேரம், மொத்தத் தொகை மூன்றையும் போனில் எழுதிக் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள். பணம் திரும்பி வந்த பிறகுதான். வழியில் தரைவிரிப்புக் கடை, ஆர்கன் எண்ணெய்க் கடை எதுவும் வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் டிரைவர் ஷாருக்கான் பெயரை எடுப்பார். எடுக்கட்டும், ஆனால் பேரத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அம்மாவின் சாப்பாடுதான் உண்மையில் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். மண்சட்டியில் வேகவைக்கும் தஜீனில் காய்கறி தஜீன் என்று எழுதியிருந்தாலும் கறிச்சாற்றில் வெந்திருக்கலாம். ரவை போன்ற வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸும் பெரும்பாலும் அப்படித்தான், ஹரீரா சூப்பும் அப்படித்தான். பயப்படாமல் சாப்பிடக்கூடியது பைசாரா: காய்ந்த மொச்சையைப் போன்ற ஃபாவா பயற்றைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும். ஃபெஸ் மதீனாவில் காலையில் சின்னச் சின்னக் கடைகளில் ரொட்டியோடு சுடச்சுடக் கிடைக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினால் மதியம் வரை கவலையில்லை. கத்தரிக்காயில் செய்யும் சாலூக்கும் சைவம்தான். இருந்தாலும் மூலே இத்ரீஸில் எங்கே பார்த்தாலும் கறி சுடும் புகைதான் என்பதால், அன்றைக்கு ரொட்டி, ஆலிவ், ஆரஞ்சு கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். ஊறுகாய் பாட்டில் ஒன்று சூட்கேஸில் இருக்கட்டும்.

நாள்களை அடுக்கும்போது வெள்ளிக்கிழமையை வெளியூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மதியத்துக்கு மேல் மதீனாவில் பாதிக் கடை மூடியிருக்கும், வொலுபிலிஸுக்கு அந்தக் கணக்கில்லை. இரண்டு வெளியூர் நாளை அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் ஒரு மதீனா நாள் விடுங்கள், அப்பாவின் முட்டி தாங்கும். ரமலான் மாதத்தில் போவதாக இருந்தால் இன்னொன்று: அந்த ஒரு மாதம் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுகிறார்கள். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்திருந்தால் எந்த நேரக் கணக்கு என்று ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.