செல்வி எப்படி 'ச' ஆனார்?

கேள்வி: முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஓர் இணையச் செயலி எழுதியிருக்கிறேன். படம் ஏற்றாதவர்களுக்கு வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்தைக் காட்டுகிறேன். செல்விக்கு 'ச' வருகிறது. கோபாலுக்கும் கு. மீனாவுக்கும் ஒரே 'க'. ஜாவாஸ்கிரிப்டில் எங்கே தவறு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நமக்கு 'செ' ஓர் எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் அது இரண்டு குறி: முதலில் ச, அடுத்து ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பு முன்னால் நின்றாலும் சேமிப்பில் பின்னால்தான் இருக்கிறது. பூஜ்யமாவது இடத்தை, அதாவது முதல் குறியை, மட்டும் எடுத்தால் கொம்பு கழன்றுவிடும். சரி, முதல் இரண்டு குறிகளை எடுப்போம் என்று ஒட்டுப்போட்டால் கமலா 'கம' ஆகிவிடுவார்.

ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும், உரையைத் துண்டுகளாகப் பிரிக்கும் இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) பயன்படுத்துங்கள். கிராஃபீம் அளவில், அதாவது நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் அளவில், பிரிக்கச் சொல்லி, முதல் துண்டை எடுத்தால் 'செ', 'கோ' முழுசாக வரும். ஃபயர்ஃபாக்ஸில் இது 2024-இல் வந்த 125-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. குரோமில் முன்பே வந்துவிட்டது. விதிவிலக்கு, 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற கூட்டெழுத்துகள். 'ஸ்ரீ'யை அது 'ஸ்', 'ரீ' என்றும், 'க்ஷ'வை 'க்', 'ஷ' என்றும் வெட்டிவிடும். பெயர் அப்படித் தொடங்கினால் தனியாகச் சோதித்து முழுதாக எடுங்கள். 'ஶ்ரீ' என்று வேறு குறியாலும் சிலர் தட்டுவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீனாவின் சிக்கல் வேறு. 'கு' அவர் அப்பாவின் எழுத்து. செக்மென்டர் 'கு' என்று சரியாகத்தான் தரும், ஆனால் ஆள் மீனா. புள்ளியிலும் இடைவெளியிலும் பெயரைப் பிரித்து, ஒரே எழுத்தாக இருக்கும் துண்டைத் தாண்டிப் போங்கள். பதிவுப் படிவத்திலேயே இனிஷியலுக்குத் தனிப் பெட்டி வைப்பது இதைவிட நல்லது.

எழுத்தின் அளவையும் பாருங்கள். 40 பிக்சல் வட்டத்தில் ஆங்கில எழுத்துக்கு 20 பிக்சல் பொருந்தும். கௌரியின் 'கௌ' அதில் ஓரம் இடிக்கும். 16 போதும்.

கேள்வி: போனில் எடுத்த படத்தை ஏற்றினால் முகம் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறது. படத்தை மாற்றினாலும் பழையதே தெரிகிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: போன் பெரும்பாலும் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை, 'இப்படித் திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் தகவலில், அதாவது படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் குறிப்புகளில், எழுதி வைக்கிறது. சர்வர் அதைத் துடைத்துவிட்டால் படம் சாயும். முதலில் திருப்புங்கள் (படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஆட்டோ-ஓரியன்ட்), பிறகு 256 பிக்சல் சதுரமாக வெட்டுங்கள், கடைசியில் துடையுங்கள். துடைப்பதை விட்டுவிடக் கூடாது: வீடு இருக்கும் இடம்கூட அதில் பதிவாகியிருக்கலாம்.

பழைய படம் தெரிவது பிரவுசர் கேஷால், அதாவது பிரவுசர் முன்பே எடுத்து வைத்திருக்கும் நகலால். புதுப் படமும் அதே கோப்புப் பெயரில் போகிறது. ஒவ்வொரு முறையும் படத்தின் ஹாஷை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியை) வைத்துப் புதுப் பெயர் கொடுத்து, பயனரின் பதிவில் அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள்.