4 வயது ஆட்டிசக் குழந்தை அடிக்கிறான், கடிக்கிறான், எப்படிச் சமாளிப்பது?

"என்னைத்தான் அதிகம் கடிக்கிறான்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். நானும் கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தவள்தான். வலது கையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது, மேல்வரிசைப் பல் நான்கும் எண்ணிக்கொள்ளலாம்.

என் மகனுக்கு இப்போது 9 வயது. அடியும் கடியும் உச்சத்தில் இருந்தது 4 வயதில், அப்போது பேச்சே இல்லை. தெரபிஸ்ட் எங்களுக்குக் கொடுத்தது ஒரே வேலை. அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம், மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். கையில் ரத்தத்தோடு நிற்கிறவளுக்கு வீட்டுப்பாடமா என்று எரிச்சல்தான் வந்தது. சரி என்று 2 வாரம் எழுதினேன். மொத்தம் 23 தடவை. அதில் 14, பிடித்த ஒன்றை நாங்கள் நிறுத்தியபோது: டிவியை அணைத்தது, ஊஞ்சலிலிருந்து இறக்கியது. 4, திடீர்ச் சத்தத்தில். மிச்சம் 5 எதிலும் சேரவில்லை, ஆனால் எல்லாமே அவனைப் படுக்க வைத்தவுடன் நடந்தவை. காதைக் காட்டினோம், உள்ளே சீழ். மருந்து முடிந்ததும் அந்த ஐந்தும் நின்றுபோனது. அத்தனை நாளும் நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்து, ஒருநாள் கன்னத்தில் அறைந்தும் இருக்கிறேன். அதற்கப்புறம் கோபம் வந்தால் அதே கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். "ஒரு அடி போட்டால் சரியாகும்" என்று சொல்ல வருபவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அந்த 14-க்குத்தான் அட்டை. விரித்த கை படம் போட்ட ஒரு அட்டை, "வேண்டாம்" என்று அர்த்தம். கடிக்க வருவதற்கு முன்பே கையைப் பிடித்து அதை எடுத்து நீட்ட வைப்போம், நீட்டியதும் 2 நிமிடம் அவன் போக்கில் விட்டுவிடுவோம். முதலில் தானாக எடுத்த அன்று அதை என் முகத்தில் விட்டெறிந்தான். நான் கைதட்டினேன்! அப்புறம் ஒரு நாளைக்கு 40 தடவை நீட்டினான், அத்தனை தடவையும் மதித்தோம். "இப்படி இடம் கொடுத்தால் கெட்டுப்போவான்" என்பீர்கள். கடித்தால் மட்டும் எதுவும் கிடைக்காது என்று ஆக்கியபோது முதல் 10 நாள் கடி கூடியது, அது இடம் கொடுத்ததால் அல்ல, பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று அழுத்திப் பார்க்கிறான். அந்த நேரத்தில் ஒருமுறை இளகிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. அவன் யாரையாவது கடித்தால் உடனே "வந்து கூட்டிப் போங்கள்" என்று போன். கடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்பதை, எழுத்தைவிடச் சீக்கிரமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பள்ளிதான். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், படிக்கக்கூட இல்லை. சொந்தக்காரர்கள் பேச்சு வேறு. தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950, 60-களில் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு என்று எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று, என் நாத்தனாருக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

மருந்தும் கொடுத்தோம், திட்டுபவர்கள் திட்டலாம். 6 வயதில் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தபோது டாக்டர் ரிஸ்பெரிடோன் எழுதினார். ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கு அமெரிக்காவில் 2006-லேயே 5 முதல் 16 வயதினருக்கு அனுமதித்த மருந்து அது, ஆட்டிசத்தையே மாற்றும் மருந்து இல்லை. மோதல் குறைந்தது, பசி கூடி எடை ஏறியது, ஒரு வருடத்தில் டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். உங்கள் குழந்தைக்கு 4 வயதுதான், அந்தப் பேச்சை டாக்டரிடம் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

போன மாதம்கூட ஒரு கடி வாங்கினேன். அவனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நோட்டு வாங்குவதற்கு முன்னால் காது, பல், மலச்சிக்கல், தூக்கம், இந்த நாலையும் பார்த்துவிடுங்கள்.