வாள்வெட்டுக் கும்பலுடன் ‘பேசி முடிக்க’ ஐந்து லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். கோயில் திருவிழாவில் மகனுக்கும் இன்னொரு பொடியனுக்கும் அடிபிடி. போன கிழமை இரவு முகம் மூடிய நான்கு பேர் வந்து கேற்றை வெட்டி, மோட்டார் சைக்கிளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். பொலிசுக்குப் போனால் திரும்ப வருவார்களோ என்று பயம். தெரிந்த ஒருவர் ஐந்து லட்சம் தந்தால் பேசி முடிப்பதாகச் சொல்கிறார். கனடாவிலுள்ள தம்பியோ, ‘நாங்களும் ஆள் வைப்போம், காசு அனுப்புகிறேன்’ என்கிறான்.

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அம்மா. இந்தத் தரகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வெட்டியவனிடமும் வாங்குவார்கள், வெட்டுப்பட்டவரிடமும் வாங்குவார்கள். காசு தருகிற வீடு என்று பெயர் எடுத்தால் அடுத்த திருவிழாவுக்கும் கேற்றில் வாள் விழும். சில்லறைச் சண்டைக்கு இணக்க சபை இருக்கிறது. இது சில்லறைச் சண்டை இல்லை.

தம்பியின் காசும் வேண்டாம். அனுப்புகிறவர் கனடாவில் இருப்பார். நீதவான் முன்னால் நிற்கப்போவது உங்கள் மகன். இன்றைக்கு முறைப்பாட்டுக்காரன், நாளைக்குச் சந்தேகநபர்.

சரி, பொலிசுக்கு வருவோம். நாளைக்கே போங்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவரின் வாக்குமூலம் நான்கு பக்கம், முழுக்கச் சிங்களம், அடியில் தமிழில் அவருடைய கையெழுத்து மட்டும். வழக்கில் மொழிபெயர்த்துப் பார்த்தால், வீடு புகுந்து வெட்டியது ‘வாசலில் நடந்த வாய்த்தர்க்கம்’ ஆகியிருந்தது. 2009இல் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் தமிழில் எழுதத் தெரிந்த அதிகாரியைத் தேட வேண்டியிருக்கிறது!

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும் என்கிறது. விலக்கு ஒன்று உண்டு, அதைக் கவனியுங்கள். அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், முதலில் உங்களையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். உங்களாலும் முடியாது என்றால்தான் வேறு மொழி. அப்போதும் காரணத்தைக் குறித்து, உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போங்கள்: திகதி, நேரம், எரிந்த சைக்கிளின் இலக்கம். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘பெரியவர் இல்லை, பின்னேரம் வாங்கோ’ என்று அலைக்கழித்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் 1960க்கு அழையுங்கள்.

முறைப்பாடு செய்தவரை மிரட்டுவதே தனிக் குற்றம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தருவதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி பாதுகாப்புக் கேட்கலாம். கிடைக்க எத்தனை கடிதம் எழுத வேண்டும் என்பது வேறு கதை. மிரட்டல் அழைப்பு வந்தால் போனிலிருந்து அழிக்காதீர்கள். அந்தத் தரகரின் அழைப்பையும்தான்.