பழைய பதிவில் புதிய புலம் ஏன் இல்லை?

கேள்வி: காசிமேட்டு மீன் ஏல விலைகளை வியாபாரிகளின் கைப்பேசிக்குத் தரும் வலை ஏபிஐ (பிற நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வாயில்) ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். விலைப் பொருள்களைப் பிக்கிள் செய்து (பைத்தான் பொருளைச் சேமிக்கத்தக்க பைட்டுகளாக மாற்றி), ரெடிஸ் கேச்சில், அதாவது வேகமாக எடுக்க உதவும் தற்காலிகச் சேமிப்பில், வைக்கிறேன். வகுப்பில் ‘எடை’ என்ற புலத்தைச் சேர்த்ததும் பிழை வருகிறது. ஏன்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பிக்கிள் ஒரு பொருளை மீட்டெடுக்கும்போது, பொதுவாக வகுப்பின் தொடக்கச் செயற்கூறை அழைக்காமல், சேமித்தபோது இருந்த பண்புகளை மட்டுமே திருப்பித் தருகிறது, ஆகவே நேற்றைய வஞ்சிரம் பதிவில் எடை இருக்காது, அதைக் கேட்கும் வரியில் நிரல் நின்றுவிடும். கேச்சில் பதிவைத் தேடி எடுக்கும் பெயரான சாவியில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, ‘விலை:வஞ்சிரம்’ என்பதை ‘விலை:2:வஞ்சிரம்’ என மாற்றினால் புதிய நிரல் பழைய பதிவைத் தொடவே தொடாது. காலாவதி நேரம் வைத்திருந்தால் பழையவை தாமாகவே அழியும்.

ஆனால் இங்கே பிக்கிளே தேவையில்லை என்பது என் கருத்து. வியாபாரிக்குப் போவது ஜேசன் (தரவை எளிய உரையாக எழுதும் வடிவம்) என்றால், அந்த இறுதி ஜேசன் உரையையே கேச்சில் வைத்துவிடலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொருளை மீட்டு, மறுபடி ஜேசனாக்கும் இரட்டை வேலை மிச்சமாகும். மேலும், கேச்சில் எழுத வழி கிடைத்த அந்நியர் ஒருவர், மீட்டெடுக்கும் நொடியில் உங்கள் சர்வரில் தம் கட்டளையை ஓட்டுவதற்குப் பிக்கிள் இடம் கொடுக்கும். ஜேசனில் அந்த வம்பு இல்லை.

விடியற்கால ஏலத்தில் விலை அடிக்கடி மாறுவதால், காலாவதியை மட்டும் நம்பாமல், தரவுத்தளத்தில் புதிய விலை பதிவானவுடன் உரிய சாவியை நீக்கிவிடுங்கள்.