பக்கத்து நிலத்தில் பெட்ரோல் பங்க்: எங்கிருந்து அளப்பது, யாரிடம் ஆட்சேபிப்பது?

கேள்வி: மேலூர் வட்டத்தில், டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மனைப்பிரிவை ஒட்டிச் சாலையோரமாக உள்ள காலி நிலத்தில் பெட்ரோல் பங்க் வரப்போவதாகச் சொல்லி மண் அடித்து மேடாக்கி வருகிறார்கள். எங்கள் சுற்றுச்சுவரிலிருந்து அவர்கள் கல் நட்டிருக்கும் எல்லை வரை டேப் வைத்து அளந்தால் 18 மீட்டர்தான் வருகிறது. தெருவில் 43 பேர் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. "கம்பெனி இடத்தை முடிவு செய்துவிட்டது, லைசென்ஸ் தானாக வந்துவிடும்" என்கிறார் நிலத்துக்காரர். நாங்கள் உடனே நீதிமன்றம் போகலாமா?

பதில்: நீதிமன்றக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பாகவே உங்கள் பேச்சு எடுபடக்கூடிய இடம் ஒன்று உண்டு, அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

நிலத்துக்காரர் சொல்வது சரியல்ல. எண்ணெய் நிறுவனம் ஒருவரை முகவராகத் தேர்வு செய்து தரும் கடிதம் அவர்களுக்கிடையேயான வணிக ஏற்பாடே தவிர, பெட்ரோலைச் சேமித்து விற்பதற்கான உரிமம் அல்ல. அந்த உரிமத்தை 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம், 2002-ஆம் ஆண்டு பெட்ரோலியம் விதிகள் ஆகியவற்றின்கீழ் வழங்குவது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' எனப்படும் மத்திய அரசு அமைப்பு. வெடிபொருள் துறை என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்வது அதைத்தான். அந்த அமைப்பும் தானாக உரிமம் தந்துவிட முடியாது. விதி 144-இன்படி மாவட்ட அதிகாரம் பெற்றவரிடமிருந்து தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., முதலில் வந்தாக வேண்டும். மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் அந்த அதிகாரம் காவல் ஆணையருக்கு. உங்கள் மேலூர் போன்ற பகுதிகளுக்கு மாவட்ட ஆட்சியருக்கு. விண்ணப்பம் வந்தபின் வருவாய்த் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை, நெடுஞ்சாலைத் துறை ஆகியவற்றிடம் அறிக்கை கேட்பது வழக்கம். விசாரணையை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று மாதம்தான் உங்களுக்கான காலம்.

இனி அந்த 18 மீட்டருக்கு வருவோம். உங்கள் மனுவின் முழுப் பலமும் அந்த அளவில்தான் இருப்பதாக நினைக்கிறீர்கள். மன்னிக்கவும், சட்டம் சுவரிலிருந்து சுவருக்கு அளப்பதில்லை. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவைத் தொடர்ந்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 7.1.2020 அன்று புதிய பங்க்குகளுக்கென ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பள்ளி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பு என வகைப்படுத்தப்பட்ட பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் புதிய பங்க் அமையக் கூடாது. அவ்வளவு இடைவெளி விட இடமில்லை என்றால் பெசோ சொல்லும் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் குறைக்கலாம். ஆனால் எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்கிறது அது. இந்தத் தூரம் மூன்று இடங்களில் எது அருகில் இருக்கிறதோ அங்கிருந்து கணக்கிடப்படுகிறது: டேங்கர் லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாய், வண்டிகளுக்கு எண்ணெய் பிடிக்கும் பம்ப், நிலத்தடி டேங்கின் ஆவி வெளியேறும் குழாய்.

ஏன் இந்த மூன்றும் என்பதை நீங்கள் புரிந்துகொண்டால் மனுவை வேறு விதமாக எழுதுவீர்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு பங்க்குக்குப் போகும்போது ஓரமாகப் பாருங்கள். சுமார் இரண்டு ஆள் உயரத்தில், உச்சியில் கம்பிவலை போட்ட மெல்லிய குழாய்கள் வரிசையாக நிற்கும். லாரியிலிருந்து பெட்ரோல் உள்ளே இறங்க இறங்க, டேங்கில் அதுவரை நிறைந்திருந்த ஆவி அந்தக் குழாய் வழியாக வெளியேறும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தாழ்ந்து, தரையை ஒட்டிப் பரவி, பள்ளத்தில் தங்கும். உங்கள் தெரு அவர்கள் மேடாக்கிய மனையைவிடத் தாழ்வாக இருந்தால், அதை மனுவில் தனியாகச் சொல்லுங்கள்.

ஆகவே, அந்தக் குழாயும் பம்பும் எண்ணெய் இறக்கும் வாயும் நிலத்தின் மறுகோடியில் வருமானால், சுவர் 18 மீட்டரில் இருந்தும் பங்க் தூர விதிக்கு உட்பட்டதாகவே இருக்கலாம். உங்கள் பக்கமாக வருமானால் ஒரே ஒரு அளவே உங்கள் வழக்கை வென்று தரும். எது என்பது அவர்கள் கொடுத்திருக்கும் வரைபடத்தில் இருக்கிறது. என்.ஓ.சி. விண்ணப்பத்துடன் தள வரைபடம் இணைக்கப்பட வேண்டும் என்பதால், அதன் நகலையும் துறைகள் அளித்த அறிக்கைகளையும் கேட்டு ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் கட்டணத்துடன் இன்றே விண்ணப்பியுங்கள். பதிலுக்கு 30 நாள் என்பதால் ஒரு வாரம் தள்ளிப்போடுவதும் உங்களுக்கு நட்டம்.

'குடியிருப்புப் பகுதி' என்ற சொல்லிலும் எதிர்த்தரப்பு பிடித்துத் தொங்கும். வெறுமனே வீடுகள் இருந்தால் போதாது, சட்டப்படி வகைப்படுத்தியிருக்க வேண்டும் என்று வாதிடுவார்கள். உங்களுடையது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்பது இங்கே பெரிய பலம். அங்கீகார ஆணை, மனைப்பிரிவு வரைபடம், கட்டட அனுமதி, நில அளவைப் புலப்பட (எஃப்.எம்.பி.) நகல் ஆகிய நான்கையும் மனுவுடன் இணையுங்கள்.

என் அனுபவத்தில், நூறு கையெழுத்து இருந்தும் ஓர் அளவுகூட இல்லாத மனுக்களே அதிகம். "உயிருக்கு ஆபத்து, பங்க் வேண்டாம்" என்று எழுதினால், அந்த அச்சம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அதிகாரி முடிவெடுக்க அதில் எதுவும் இல்லை. ஆட்சியருக்கும் மாவட்ட வருவாய் அலுவலருக்கும் புதிய ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெசோவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகல் வையுங்கள். அதில் 2020 வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு, இரு தரப்பும் இருக்கும்போது நில அளவரைக் கொண்டு அளக்க வேண்டும் என்றும், என்.ஓ.சி. தருவதற்கு முன் உங்களை நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். மனைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். அதன் கீழே பங்க் அமைக்க அதே வழிகாட்டுதல் தடை விதிக்கிறது. முந்தைய மனுவின் எண்ணையும் புதிய ஆட்சேபணையில் குறிப்பிடுங்கள்.

இதற்கும் பதில் இல்லாவிட்டால், உங்கள் ஆட்சேபணையைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு உத்தரவிடக் கோரி, அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். தூர விதியை மீறி என்.ஓ.சி. கொடுத்துவிட்டால் அந்த ஆணையையே எதிர்க்கலாம். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இன்னொரு வழி. ஆனால் அங்கே வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். எனவே டேங்க் இறக்கக் குழி தோண்டத் தொடங்கும் நாளில், தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.